மாடியிலிருந்து எடுத்த வெள்ளம்

சித்தப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபத்தில் பெரிய திரை கட்டி அவருடைய வாழ்க்கையைப் படமாகக் காட்ட வேண்டும் என்று அவர் மகன் முடிவு செய்தான். அந்த வாழ்க்கை முப்பத்தொரு கேசட்டுகளில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பனியன் அனுப்புகிற அட்டைப்பெட்டி ஒன்றில் அவற்றையும் பழைய வீடியோ கேமராவையும் போட்டுக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்தான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்றான். கோயம்புத்தூரில் இதற்கென்றே ஸ்டுடியோக்கள் இருக்கின்றனவே என்று கேட்டேன். வெளியாளிடம் கொடுத்தால் கண்டவனும் பார்ப்பான் என்று அவன் அப்பா சொன்னாராம். நம் வீட்டுப் பெண் பார்த்தால் தப்பில்லையாம்.

கண்டவன் பார்த்துவிடக் கூடாத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முதல் பத்து கேசட் முடிந்தபோது ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

சித்தப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. நான் அதே ஊரில் வேறொரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்பதால் உறவில் யார் வீட்டில் பிரிண்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் அப்பா சித்தப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். தம்பியின் கம்பெனியில் முப்பது வருஷம் மேனேஜர் என்ற பெயரில் இருந்தார். கம்பெனிக்குள் தம்பியை 'மொதலாளி' என்பார், வாசலைத் தாண்டினால் 'தம்பி' என்பார். ஓய்வுபெற்ற பிறகு என்னோடு இருக்கிறார்.

கேமரா ஓடவில்லை. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தது. அனுப்பர்பாளையத்தில் பழைய டி.வி., ரேடியோ பார்க்கிற ஒருவர் வேறு பெல்ட் மாட்டி, நாடாவைப் படிக்கிற தலையை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தார். மூன்று நிற ஒயரைக் கேமராவில் சொருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டருக்கான சின்னக் கருவியில் சொருகினால் படம் வரவேண்டும். வந்தது, கறுப்பு வெள்ளையில், உருண்டுகொண்டே. அரை நாள் ஒயரை மாற்றி மாற்றிச் சொருகிய பிறகுதான் உறைத்தது. சித்தப்பா அந்தக் கேமராவை வாங்கியது அமெரிக்காவில், சரக்கு வாங்குகிற பையரைப் பார்க்கப் போன இடத்தில். அந்த நாட்டு டி.வி.யின் முறை வேறு. கம்ப்யூட்டரில் அதற்கேற்ப ஒரு இடத்தில் மாற்றியதும் கலர் வந்தது.

இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் நாடா ஒட்டிக்கொண்டால் நிறுத்தி, எடுத்து, கையால் சுற்றிவிட்டு மறுபடி போட வேண்டும். அதனால் எழுந்து போகவும் முடியாது. அப்படித்தான் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து சித்தப்பாவின் கண் வழியாக உலகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு அலுப்பை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அவருக்குப் பொத்தானை அழுத்தத் தெரியாது. எடுப்பதாக நினைத்த நேரத்தில் கேமரா நின்றிருக்கும். நிறுத்திவிட்டதாக நினைத்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மகளின் காதுகுத்தில் காது குத்துகிற நொடி இல்லை. அதற்குப் பிறகு கழுத்தில் தொங்கிய கேமரா எடுத்த தரையும் அவருடைய செருப்பும் இருபது நிமிஷத்துக்கு இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு பெரிய அருவி. அதைக் காட்டிய நேரத்தைவிட, அங்கே போக எடுத்த வாடகைக் காரைக் காட்டிய நேரம் அதிகம். புது நிட்டிங் மெஷின் வந்த நாளில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நாற்பது நிமிஷம். தையல் லைனில் போய் 'சிரிங்க, சிரிங்க' என்கிறார். வரிசையாகத் தைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து சிரித்துவிட்டுக் குனிகிறார்கள். யாரோ ஒருத்தி சரியாகச் சிரிக்கவில்லை என்று திரும்பப் போய் மறுபடி சிரிக்கச் சொல்கிறார். மூலையில் தேதி எல்லாக் கேசட்டிலும் ஒன்றேதான். கடிகாரம் வைக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பத்தொன்பதாவது கேசட்டில் வெள்ளம் இருந்தது.

அந்த வெள்ளக் கதையைக் கேட்காமல் எங்கள் உறவில் யாரும் வளர்ந்ததில்லை. சித்தப்பாவின் பழைய யூனிட் ஓடைக்கரையில் இருந்தது. ஒரு ஐப்பசியில் மேற்கே கொட்டிய மழையில் ஓடை பெருகி, கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே ஏற்றுமதிக்கான துணி ரோல்கள் கிடந்தன. முதலாளி என்றும் பாராமல் சித்தப்பா மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஆட்களோடு ஆளாக ரோல்களைத் தோளில் தூக்கி மேடேற்றிக் கம்பெனியைக் காப்பாற்றினார். கதை இவ்வளவுதான். கல்யாணங்களில் சொல்வார், காதுகுத்தில் சொல்வார், ஒருமுறை துக்க வீட்டிலும் சொன்னார். கதையில் என் அப்பாவுக்கும் ஒரு வரி உண்டு. "அண்ணன் மாடியில நின்னு பதறிட்டிருந்தாருங்க, அவருக்குத் தண்ணின்னா பயம்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். வெள்ளம் வந்த சமயம் நான் கோவையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நானும் நம்பினேன். அப்பாவைப் பற்றி எனக்கு இருந்த இளப்பத்தில் பாதி அந்த ஒரு வரியில் முளைத்தது.

கேசட் ஓடியது. முப்பத்தொன்றில் கை நடுங்காத படம் அது ஒன்றுதான். மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றி வைத்து எடுத்திருக்கிறார். கீழே செம்மண் தண்ணீர். வாசலிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மேலேயிருந்து பார்ப்பதால் தலைகளும் முதுகுகளும்தான் தெரிகின்றன. குரல் மட்டும் கேமராவுக்குப் பக்கத்திலேயே, காது அடைக்கிற மாதிரி கேட்கிறது. அது சித்தப்பாவின் குரல். எந்த ரோல் முதலில், எது அப்புறம், யார் மெதுவாக நடக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் நிமிர்ந்து மேலே பார்த்து, இனி உள்ளே போக முடியாது, தண்ணீர் இழுக்கிறது தம்பி, என்று கத்துகிறார். அவ்வளவு தூரத்திலிருந்து அது மெல்லிசாகத்தான் கேட்கிறது. அவர் என் அப்பா.

நான் நிறுத்தவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் தொடர்ந்து வந்ததையும் பார்த்தேன்.

அப்பாவுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் ரோலோடு வருகிறார். நடு வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்குகிறார். முங்கி எழுந்து வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. அவர் ரோல் தண்ணீரில் மிதந்து போகிறது. அப்பா தன் சுமையை ஒரு படியில் எறிந்துவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடிக்கிறார். கேமரா ரோலை நெருக்கிக் காட்டுகிறது. "அண்ணா, ரோல் போகுது. அந்தாள விட்டுட்டு ரோலப் புடிங்க." அப்பா ஒரு நொடி நிற்கிறார். பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு ரோலைப் பிடிக்கப் போகிறார். அத்தோடு பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், படம் நின்றுவிட்டது.

அப்பா உள் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்டது அந்தக் கையை விட்டதை. அவர் வெள்ளத்தில் இறங்கியதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"சொல்லி? அடுத்த நாளும் அங்கத்தானே வேலைக்குப் போகோணும்," என்றார்.

அந்தப் பதிலுக்காக எனக்கு அவர் மேல் மரியாதை ஒன்றும் கூடவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா வந்தார், மகனோடு. விழாவுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டம் பார்த்துவிட வேண்டும் என்றார். அருவியும் மெஷினும் ஓடின. அவற்றையெல்லாம் ரசித்துப் பார்த்தார். தன் செருப்பு வந்த இடத்தில்கூட, அது எங்கே வாங்கியது என்று சொன்னார். பிறகு நான் வெள்ளத்தைப் போட்டேன், வேண்டுமென்றேதான். அவர் முகம் எப்படி மாறும் என்று பார்ப்பதற்காகத் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

முகம் மாறியது. மலர்ந்தது.

"பாத்தயா கண்ணு? அதா, துண்டு கட்டிட்டு வர்றேன் பாரு," என்று திரையில் என் அப்பாவைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் தம்பி இருவருக்கும் அந்தக் காலத்தில் ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி தோள். "என்ன கத்து கத்தியிருக்கேன், கேளு."

நான் மெதுவாகச் சொன்னேன். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். கீழேயிருந்து கத்துகிறவர் 'தம்பி' என்கிறார், மேலேயிருந்து பேசுகிறவர் 'அண்ணா' என்கிறார். யோசிக்க வேண்டியதே இல்லை. அவர் யோசித்தார். யோசித்து, "நாந்தான் கீழ இருந்து அண்ணனக் கூப்புட்டிருக்கேன். அவரு கேமராவ வெச்சுட்டு மேலயே நிக்கறாரு, எறங்கியே வரல பாரு," என்றார்.

"அப்பா அந்தக் கேமராவைத் தொட்டதே இல்லீங்க, சித்தப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்ணா, நீங்கதானே எடுத்தீங்க?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கறுப்புச் சட்டைக்காரரின் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாந் தம்பி," என்றார்.

சித்தப்பா ரோலைப் பிடிக்கச் சொன்ன இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மகனுக்குப் பாடம் எடுத்தார். அந்த ஒரு ரோல் போயிருந்தால் டெலிவரி தவறியிருக்கும், பையர் போயிருப்பான், இந்தக் காரும் பங்களாவும் ஏது என்றார். முங்கிய ஆள் யார் என்று அவர் மகன் கேட்டான். ஞாபகம் இல்லை என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அப்பா. சித்தப்பா உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டார், ஊத்துக்குளி நெய் தீர்ந்துவிட்டதா என்றும் கேட்டார்.

அவர்கள் போனதும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நான் பேசியதை இங்கே எழுத முடியாது, பெற்றவரிடம் பேசக்கூடிய பேச்சு இல்லை. தம்பிக்குக் கைகட்டி நின்று பழகிய முதுகு என்பது அதில் குறைந்தபட்சம். எல்லாம் கேட்டுவிட்டு அவர், கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். நான்கு முறை போட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளத்தில் இறங்கியது நான்தான் என்று அவர் சொன்னால், அந்தக் கையை விட்டதும் நான்தான் என்றாகிவிடும். வீரத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள வழியில்லை. அதனால் இரண்டையும் சேர்த்துத் தம்பிக்கே கொடுத்துவிட்டார். இவ்வளவு வருஷமாக அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் லாபம் இருந்திருக்கிறது.

கறுப்புச் சட்டைக்காரரைக் கம்பெனியில் கோவில்பட்டிக்காரர் என்றே கூப்பிடுவார்களாம். அயர்ன் செக்‌ஷனில் இருந்தார். தண்ணீருக்கு அடியில் கான்கிரீட் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்து பாதத்தில் ஏறிவிட்டது. காயம் சீழ் பிடித்து இரண்டு விரலை எடுத்தார்கள். நின்று செய்கிற வேலைக்கு ஆகாது என்று கணக்கு முடித்து அனுப்பினார்கள். அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டது மேனேஜர், அதாவது அப்பா. ஊருக்கே திரும்பிப் போயிருப்பாரா என்று கேட்டேன். இல்லை, இங்கேதான், ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்றார். எப்படித் தெரியும் என்றேன். அந்தக் கம்பெனி வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாராம். எத்தனை தடவை என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் என் ஃபோனில் அந்தப் படத்தை ஏற்றிக்கொண்டு அப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கூண்டில் கோவில்பட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேனேஜர் சார்," என்று தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரிகூடத் தெரியவில்லை.

நான் ஃபோனை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார், பிறகு பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இது மொதலாளி சத்தம்லா? மாடில நின்னுக்கிட்டுக் கத்துதாரு. நாம கீழ கெடந்து சாவுதோம், அவரு படம் புடிச்சிருக்காரு."

ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் ஆக வேண்டியதில்லை, பையரைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை.

கடைசி இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. அப்பா பேச ஆரம்பித்தார். அன்றைக்கு என்றார், தம்பி சொன்னதால் என்றார், உடனே திரும்பி வந்து தூக்க வேண்டும் என்றுதான் இருந்தேன் என்றார். வாக்கியம் ஒன்றும் முடியவில்லை. கோவில்பட்டிக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வரல சார்," என்றார். கோபம் ஒன்றும் இல்லை, நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். "நானாத்தான் கால உருவிக்கிட்டு வெளிய வந்தேன். நீங்க அடுத்த ரோலுக்கு உள்ள போயிட்டீக."

அப்பா தலையை ஆட்டினார். கோவில்பட்டிக்காரர் எதிர்க் கடையில் மூன்று டீ சொன்னார். குடித்தோம். இதை விழாவில் போடுவார்களா என்று என்னிடம் கேட்டார். போடுவார்கள் என்றேன். அப்படியானால் தன் முகமும் வருமா என்றார். மகளிடம் சொன்னால் பார்ப்பாள் என்றார். வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, முழுப் படத்தையும் சத்தத்தோடு அவர் ஃபோனுக்கு அனுப்பினேன்.

சித்தப்பா மகனுக்கு ஃபோன் போட்டு அந்தக் கடைசி நிமிஷத்தை வெட்டக் கூடாது என்றேன். "நல்ல நாளும் அதுவுமா ஆளு முங்கறதெல்லாம் எதுக்குங்க்கா," என்றான். எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றான்.

எடிட்டர் பார்த்துக்கொண்டார். மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். அருவி வந்தது, மெஷின் வந்தது, சிரிக்கச் சொல்லிச் சிரித்த பெண்கள் வந்தார்கள். வெள்ளம் வந்தபோது சத்தத்தை எடுத்துவிட்டு மேளமும் எக்காளமும் சேர்த்திருந்தார்கள். மற்ற ஆட்கள் தெரியாதபடி ஓரங்களை வெட்டி, துண்டு கட்டிய ஒரே ஒரு முதுகைத் திரை நிறையப் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டார்கள். தொகுத்து வழங்கிய பெண், உழைப்பின் சிகரம் என்று ஏதோ சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா மேடையில் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். நடிக்கவில்லை, அதுதான் அருவருப்பாக இருந்தது. நிஜமாகவே அழுதார்.

அப்பா என் பக்கத்தில், இரண்டாம் வரிசையில் இருந்தார். மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனார். தம்பி கழுத்தில் மாலை போட்டார், கேமராவைப் பார்க்கச் சொன்னபோது பார்த்தார். மேடை ஏறி மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்திருந்தேன். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பந்திக்கு எழுந்தார்கள். நானும் எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.

கோவில்பட்டிக்காரரின் மகள் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, விழாப் படம் யூடியூபில் வந்திருக்கிறது, எங்கள் அப்பாவைத் தேடித் தேடிப் பார்த்தோம், எங்கே வருகிறார் என்று கேட்டாள். வெட்டிவிட்டார்கள் என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

கேசட்டுகளைத் திரும்ப வாங்கிப்போக யாரும் வரவில்லை. எல்லாம்தான் ஏறிவிட்டதே, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றான் சித்தப்பா மகன். அப்பா ஞாயிறுதோறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேனை இன்னொருக்காப் போய்ப் பாக்கோணும் என்கிறார். பத்து மணிக்குச் சொல்வார். பதினொன்றுக்கு வெயில் ஏறிவிட்டது என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். நான் வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்பதும் இல்லை.